ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் மெஷின்

மோட்டார் கண்ட்ரோல் போர்டு ரிப்பேர் பார்ப்பது ஏறக்குறைய டாக்டர் வேலைதான். ஆனால் டாக்டரிடம் வரும் நோயாளி, வருகிற வழியிலேயே மூன்று பேரிடம் வயிற்றைத் திறந்து காட்டிவிட்டு வருவதில்லை.

உங்களில் யாராவது மீட்டரையும் ஸ்குரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய், "இப்ப நல்லாத்தானே ஓடுது?" என்று முழித்துவிட்டுத் திரும்பியிருந்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் இ.சி.இ. படித்தவள். விருதுநகரில் மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் விற்கும் காதர் பாய் கடையில் சர்வீஸ் பார்க்கிறேன். முன்பு சர்வீஸ் பார்த்த அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டதால் வெளிவேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. போர்டுகள் இதுவரை அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. வாடிக்கையாளர்களுக்குத்தான் பெரிய குறை. "அந்தப் பிள்ளைக்குப் பேச வராது, அதனால பொய்யும் வராது" என்று பாய் என்னை வைத்து விளம்பரம் செய்துகொள்வார்.

இங்கே எழுதியிருக்கும் எல்லாப் பாடுகளும் ஒரே ஒரு மெஷினிடம் பட்டவை.

எத்தனை மணிக்கு வருவாரு?

ஏழாயிரம்பண்ணையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு தெரு கூடுதலாகச் சுற்றி, செல்வகுமார் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம் இருக்காது என்பதால் பாய் என்னை ஞாயிறுகளில்தான் வெளியே அனுப்புவார். செல்வகுமார் அண்ணன் சிவகாசிப் பிரஸ்களுக்கு டை போர்டு செய்து கொடுப்பவர். பட்டாசுப் பெட்டியைப் பிரித்து விரித்தால் ஓர் அட்டை. அந்த அட்டையை ஒரே அமுக்கில் வெட்டி, மடிப்புக்கோடும் விழவைக்கிற பலகைதான் டை போர்டு. பிளைவுட்டில் பெட்டியின் கோடுகளை அறுத்து, அந்த இடுக்குகளில் கத்திப் பட்டையைச் சொருக வேண்டும். பல வருஷம் கையால் அறுத்துக் கழுத்து வலி வந்த பிறகு, வீடியோ பார்த்துப் பார்த்து முன்னறையில் அவரே ஒரு சி.என்.சி. மெஷின் கட்டிவிட்டார். இரும்புச் சட்டம், மூன்று மோட்டார், மோட்டாருக்கு ஒன்றாக மூன்று டிரைவர் பெட்டி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் அது அறுக்கும். பாகங்களை எங்கள் கடையில் வாங்கியதால், கோளாறையும் எங்கள் கடையில்தான் வாங்கினேன் என்பது அவருடைய வாதம்.

கோளாறு இதுதான். இருபது நிமிஷம் சமத்தாக அறுக்கும். பிறகு பாதிப் பலகையில் செத்து நிற்கும். இல்லையென்றால் தான் இருக்கும் இடத்தை மறந்து வேறெங்கோ போய் அறுக்கும். ஒரு கோடு தப்பினாலும் பலகை விறகுதான். அண்ணனின் மனைவி முத்துமாரி அக்கா பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் ரூமில் வேலை பார்க்கிறார். போன கோடையில் பக்கத்து ஆலையில் ஒரு விபத்து. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: மெஷின் நிலையாக ஓடிவிட்டால் அக்கா ஆலையை விட்டுவிட்டு மெஷினைப் பார்த்துக்கொள்வது. ஓடும்வரை தினமும் காலையில் ஆலை வேனில் ஏறுவது. இதை அண்ணன் என்னிடம் சொன்னபோது அக்கா உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

ஒரு மணி நேரம் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்து, மீட்டர் வைத்து, நோட்டில் குறித்தேன். அண்ணன் பக்கத்திலேயே நின்று, டார்ச் அடித்து, டீ கொடுத்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "எல்லாத்தையும் தொறந்து வச்சிட்டீகல்லம்மா, இன்ஜினியர் சாரு எத்தனை மணிக்கு வருவாரு?"

சாமி குத்தம்

மெஷினைப் போட்டவுடன் அது முதலில் தன் மூலைக்குப் போக வேண்டும். அங்கே சின்னதாக ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணை மறைத்ததும், "வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று புரிந்துகொண்டு அங்கிருந்துதான் அளவை எண்ணத் தொடங்கும். இந்த மெஷினோ அன்றைக்கு நின்ற இடத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. குனிந்து பார்த்தேன். கண்ணின் மேல் அழகாகக் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமை பூஜையில் மூன்று மோட்டார், மூன்று டிரைவர், கம்ப்யூட்டர் மவுஸ் என்று ஒருவரையும் விடாமல் பொட்டு வைத்திருந்தார் அண்ணன். பொட்டு வைக்கிற அளவுக்குத் தட்டையான இடம் இந்த ஊரில் எந்த மெஷினிலும் தப்பியதில்லை.

பட்ஸை நனைத்துக் கண்ணை மட்டும் துடைத்தேன். மெஷின் ஓடிப் போய் மூலையைத் தொட்டது. பிறகு இரண்டு மணி நேரம், வீணாய்ப்போன பழைய பலகை ஒன்றில், ஒரு கோடு பிசகாமல் அறுத்தது. மரத்தூளை இழுக்கும் வேக்குவம் அன்றைக்கு ஓடவில்லை. "வாரத்துல ஒரு நாளு வீட்ல இருக்கேன், அது போடுற கத்தலு வேண்டாம்" என்று அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தூசியை அவரே ஈரத்துணியால் துடைத்தார். இதையும் நோட்டில் எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று யோசிக்கவில்லை. கோளாறு சந்தனம்தான் என்று நான் பெருமையோடு பையை மூடியபோது, அண்ணன் துடைத்த கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமிக்கு வச்சதை அழிச்சிட்டீக. இப்ப ஓடுறது கோவத்துல ஓடுது. எம்புட்டு நாளைக்கு ஓடுதுன்னு பாப்போம்."

மூணாவது ஓட்டை

திங்கட்கிழமை பதினொரு மணி வரை ஓடியது. போன் வந்தது. நான் போக அடுத்த ஞாயிறு ஆகிவிட்டது; அதற்குள் வயர்மேன் பால்ராஜ் அண்ணன் வந்து போயிருந்தார். டிரைவர் பெட்டியின் விலாவில் அரிசி மணி அளவில் எட்டு சுவிட்சுகள் உண்டு. எது மேலே, எது கீழே என்பதை வைத்துத்தான் மோட்டார் எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு மின்சாரம் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமாகும். நான் கணக்குப் பார்த்து வைத்துவிட்டு வந்த சுவிட்சுகள் மூன்று பெட்டியிலும் ஒன்றுபோல மேலே நின்றன. நாலு அங்குலம் நகரச் சொன்னேன். எட்டு அங்குலம் தாவியது. பால்ராஜ் அண்ணனை வரச் சொல்லிக் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. "பாதி சுவிட்சு ஆஃப்ல கிடந்துச்சு மாப்ளே. பாதி ஆஃப்ல கிடந்தா மெஷினு பாதிதான ஓடும்? நான்தான் பூராத்தையும் ஆன் பண்ணி விட்டேன்."

அந்த ஊக்கத்தில் மற்றதையும் பார்த்துவிடலாம் என்று மெஷினைச் சொருகியிருந்த பிளக் பாயிண்டை மீட்டரால் சோதித்தேன். மூன்று ஓட்டையில் எர்த்துக்கான மேல் ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருந்தது. பின்னால் வயரே இல்லை. "அண்ணே, எர்த்..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் வந்தது. வற்புறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நோட்டில் "எர்த் இல்லை" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டால் வேலை முடிந்த மாதிரி ஆகிவிடும் என்பது நாலு வருஷப் படிப்பில் எனக்குக் கிடைத்த முக்கியமான பயிற்சி. பால்ராஜ் அண்ணன் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, அன்பாகவே விளக்கினார்: "மூணாவது ஓட்டைக்கு இங்கன யாரு தாயி வயரு இழுக்கா? அது பிளக்கு ஆடாம நிக்கிறதுக்கு."

ராசி

சுவிட்சுகளைச் சரிசெய்ததும் அந்த ஞாயிறும் மெஷின் நாள் முழுக்க ஓடியது. திங்கட்கிழமை நின்றது. இப்படி நான்கு ஞாயிறுகள். நான் போனால் ஓடும். பஸ் ஏறினால் நிற்கும். தெருவில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரையும் ஒருதரம் வந்து தொட்டுவிட்டுப் போகும்படி கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னிடம் இவ்வளவு ராசியைக் கண்டதில்லை. அறிவை நம்பாதவர்கள் ராசியை நம்பினார்கள் என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பலகை விறகாகிக்கொண்டிருந்தது. அக்கா வேன் ஏறிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பாய் கடைக்குப் போன் செய்து, என்னைக் கூப்பிட்டு அண்ணன் கேட்டது: "தங்கச்சி, வாட்ஸப்ல உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க. பெருசாக்கி மெஷினுக்கு எதுத்தாப்புல மாட்டிப் பாக்கேன்."

கடைசிக்கு முந்தின பலகை

சிவகாசியில் ஒரு பிரஸ் மேனேஜர் அண்ணனுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். கிப்ட் பாக்ஸுக்கு ஒரு போர்டு. ஒரே பலகையில் பன்னிரண்டு பெட்டி. சனிக்கிழமைக்குள் சுத்தமாக வந்தால் இந்த சீசன் முழுக்க போர்டு வேலை இவருக்கு. வராவிட்டால் வேறு இடம். அதனால் பாய் முதல் தடவையாக வார நாளில், வியாழக்கிழமை, என்னை அனுப்பினார். வீட்டில் நல்ல பலகை இரண்டே இரண்டு இருந்தன. அக்கா ஆலைக்குப் போயிருந்தார். முதலில் ஒரு பழைய பலகையில் ஓட்டிப் பார்த்தோம். வேக்குவம் கத்திக்கொண்டிருந்தது. அது இல்லாமல் நல்ல பலகையை அறுக்க முடியாது. இடுக்கில் தூள் அடைத்து, அறுக்கிற பிளேடு கருகிவிடும். இருபத்தோராவது நிமிஷம் என் கண் முன்னாலேயே மெஷின் செத்தது. எனக்குள்ளே ஒரே குதூகலம். கோளாறை நேரில் பார்ப்பது எங்கள் தொழிலில் குலதெய்வத்தை நேரில் பார்ப்பது மாதிரி.

ஞாயிறு வேக்குவம் ஓடாது, மற்ற நாள் ஓடும். நோட்டைப் புரட்டியதும் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன். வேக்குவம் மோட்டாரிலிருந்து மின்சார இரைச்சல் லைன் வழியாகப் போர்டுக்குள் வருகிறது என்று முடிவு கட்டினேன். வேக்குவத்தை வேறு பிளக் பாயிண்டில் மாட்டினேன். இரைச்சலை வடிகட்ட லைனில் ஒரு ஃபில்டர் போட்டேன். வேக்குவத்தைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாயை மெஷின்வரை இழுத்தேன். இரண்டில் ஒரு பலகையை ஏற்றினேன். இந்த முறை பதின்மூன்றாவது நிமிஷத்திலேயே செத்தது. முன்பைவிடச் சீக்கிரம்! அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செத்த பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "விடுங்க தங்கச்சி. நான் பழையபடி ரம்பத்தை எடுத்துக்கிடுதேன். அவ வேனு ஏறட்டும்."

வேன் வந்த நேரம்

நான் மீட்டரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது வேன் சத்தம் கேட்டது. அக்கா இறங்கி வந்தார். விரல் நகங்களில் வெள்ளி மருந்தின் சாம்பல் நிறம். வாசல்படியில் ஏறும்முன் தண்ணீர்க்குழாயை ஒரு முறை தொட்டார். கை கழுவவில்லை, சும்மா தொட்டார். யாரோ சொல்லிவைத்ததைச் செய்வது மாதிரி. முன்னறைக்குள் வந்ததும் வழியை மறித்துக் கிடந்த வேக்குவம் குழாயைக் காலால் தள்ளாமல், குனிந்து புறங்கையைக் குழாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். கையிலிருந்த மெல்லிய முடி எழுந்து நின்றது. தொட்டார். 'டப்' என்று ஒரு சத்தம்.

"இன்னமும் இப்படித்தான் வச்சிருக்கீகளா?" என்றார் அண்ணனிடம்.

"என்னத்தை?"

"முத நாளே சொன்னேன்ல, இது சுருக்குங்குதுன்னு. தகடு கிகடு வைங்கன்னு."

"ஏ, அது உங்க ஆலையில வெடிமருந்துக்கு. இது கம்ப்யூட்டர் மெஷினு."

நான் அவ்வளவு நேரமும் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். காய்ந்த காற்றில், பிளாஸ்டிக் குழாய்க்குள் மரத்தூள் உரசி உரசிப் போகும்போது குழாயில் மின்சாரம் சேரும். இருபது நிமிஷம் சேர்ந்தது ஒரே தாவாக இரும்புச் சட்டத்துக்குத் தாவும். எர்த் இல்லாத சட்டம் அதைக் கொண்டுபோய்ப் போர்டின் தலையில் போடும். போர்டு மயக்கம் போடும். குழாயை நான் நீளமாக்கியதும் மயக்கம் சீக்கிரம் வந்தது. இதை நான் இரண்டாம் வருஷத் தேர்வில் பத்து மார்க் கேள்வியாக எழுதி ஒன்பது வாங்கியிருக்கிறேன். ஆலையில் மருந்து ரூமுக்குள் நுழையும்முன் எல்லோரும் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். அக்கா அதை மார்க்குக்காகச் செய்யவில்லை. இந்த வீட்டுக்கு ஐந்து தடவை வந்திருக்கிறேன். வயர்மேனிடம் கேட்டேன், எதிர்வீட்டுக்காரர் சொன்னதைக்கூடக் குறித்தேன். முகம் கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே என்று அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவர் என் பக்கம் திரும்பினார். "நைலான் சேலை கட்டிட்டு வந்தா எங்க ஃபோர்மேன் கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாரு தாயி. இங்கன என்னடான்னா, ரெண்டு படிச்ச ஆளுக சேந்து மெஷினுக்கே நைலான் சேலை கட்டி விட்டிருக்கீக."

கண்டறிந்தவர்

வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. முதல் பஸ்ஸிலேயே போனேன். பால்ராஜ் அண்ணன், தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக மூணாவது ஓட்டைக்கு வயர் இழுத்தார். கொல்லையில் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றினோம். குழாயின் உள்ளே நீளத்துக்கும் வெறும் செம்புக்கம்பியை ஓட்டி, மெஷின் சட்டத்தோடும் குழியோடும் சேர்த்தேன். அக்கா அன்றைக்கு ஆலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லாமல் அவர் லீவு போடுவது அதுதான் முதல் தடவையாம். கடைசிப் பலகையை ஏற்றினோம். வேக்குவம் கத்தியது. இருபது நிமிஷம் ஆனதும் அண்ணன் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா நகரவில்லை, புறங்கையைக் குழாய்க்கு மேலே நீட்டிக்கொண்டே நின்றார். முடி எழவில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் பன்னிரண்டாவது பெட்டியின் கடைசிக் கோடு முடிந்து, மெஷின் தானாக மூலைக்குப் போய், சந்தனமில்லாத கண்ணைத் தொட்டு நின்றது. யாரும் கை தட்டவில்லை. அக்கா வேக்குவத்தை அணைத்துவிட்டு, உலை வைக்க உள்ளே போனார்.

சனிக்கிழமை அந்தப் போர்டில் வெட்டிய அட்டையைப் பிரஸ் மேனேஜர் மடித்துப் பார்த்தார். மூடி சரியாக உட்கார்ந்தது. ஆர்டர் வந்தது. கடையில் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதினேன். அதில் 'கோளாறைக் கண்டறிந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வழக்கமாக என் பெயரைப் போடுவேன். இந்த முறை வேறு பெயர் எழுதினேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்; நிமிர்ந்தார்; என் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டதோ என்று எனக்கே தோன்றும் ஆர்வத்தோடு கேட்டார்: "யாரும்மா இந்த முத்துமாரி? எந்தக் காலேஜ்ல படிச்சாங்க? நம்ம கடைக்கு வருவாங்களா?"

வாசல் தகடு

அடுத்த புதன்கிழமை, ஒரு மோட்டாரின் பெல்ட்டை இறுக்குவதற்காகப் போனேன். வழியில் ஆலை வேன் அந்த வீட்டு வாசலில் பழக்கதோஷத்தில் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, ஞாபகம் வந்தது போல நகர்ந்தது. முன்னறையில் வேக்குவம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் காட்டன் சேலையில் அக்கா. வாசல் நிலையில், என் தோள் உயரத்தில், புதிதாக ஒரு செம்புத் தகடு அறைந்திருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி கொல்லைக் குழிக்குப் போயிற்று. குழிக்குத் தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றப்படுவதாகவும், ஊற்றும் பொறுப்பு அண்ணனுடையது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். தகட்டுக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். பால்ராஜ் அண்ணன் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தொட நல்ல பிள்ளையாகக் காத்து நின்றார்.

நான்தான் தெரிந்தவளாயிற்றே என்று நேராக உள்ளே கால் வைத்தேன். அக்கா கையை நீட்டி மறித்தார். முகத்தில் முன்பு பார்த்த அதே கடுமை. அது கடுமையல்ல, அக்கா சிரிப்பை அடக்கும் விதமே அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தகட்டைத் தொட்டுட்டு வாங்க தாயி. இன்ஜினியரா இருந்தாலும் சரி. இங்கன நான்தான் ஃபோர்மேன்."

எங்கள் தொழிலில் வோல்டேஜை அளக்க, கரண்டை அளக்க, காற்றின் ஈரத்தை அளக்கக்கூட மீட்டர் வந்துவிட்டது. ஒரு பெண் சொன்ன சொல் புருஷன் காதுக்கும் இன்ஜினியர் காதுக்கும் போய்ச்சேர எத்தனை பலகை ஆகும் என்பதை அளக்கும் மீட்டர் மட்டும் காதர் பாய் கடையில் இன்னும் ஸ்டாக் இல்லை.